விளம்பரத்துக்கும் மேடைக்கும் நடுவே

ஓபரா என்பது பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகம். அதில் பாடும் தென்னாப்பிரிக்கப் பாடகி ப்ரெட்டி யெண்டேயின் கதையை யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பியட் ரெட்டீஃப் என்ற சிறிய ஊர். அதன் ஓரத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தாண்டுகுகான்யா குடியிருப்பு. அங்கே பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரம் வருகிறது. அதில் இரண்டு பெண் குரல்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு சில விநாடிகள் பாடுகின்றன. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் போய் அது என்ன என்று கேட்கிறாள். அதற்கு ஓபரா என்று பெயர் என்கிறார் ஆசிரியர். மனிதர்களால் அப்படிப் பாட முடியுமா என்று கேட்கிறாள். முடியும் என்கிறார். கணக்கியல் படிக்க நினைத்திருந்த பெண் பாடகியாகிவிடுகிறார். அப்புறம் மிலான், நியூயார்க், பாரிஸ். 2023 மே 6 அன்று லண்டனில் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவில் மஞ்சள் கவுன் உடுத்தி நின்று பாடுகிறார். அவ்வளவுதான் கதை.

இதில் பொய் எதுவும் இல்லை. யெண்டேவே பல பேட்டிகளில் சொன்னதுதான். ஆனால் இந்தக் கதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் அதைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி என்னை விடவே இல்லை. பள்ளியில் பாடகர் குழுவில் பாடுகிறாள், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சரிடம் பாட்டும் கற்றுக்கொள்கிறாள். "எனக்கு இந்த மாதிரி எதுவும் நடக்கவே இல்லையே அத்தை. அப்போ எனக்குப் பாட்டு வராதா?" என்றாள். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து சாதகம் செய்கிற பிள்ளை அவள். அந்த அரை மணி நேரம் கணக்கிலேயே வராதது போலவும், எங்கிருந்தோ ஒரு மின்னல் அடித்தால்தான் பாடகியாக முடியும் போலவும் அந்தக் கதை அவளுக்குச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து யெண்டேயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: விளம்பரம் வெறும் சில விநாடிகள். அதற்கு முன்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது, பின்னால் பன்னிரண்டு வருஷ உழைப்பு இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டுச் சொன்னால் அது அவருடைய கதையே இல்லை.

அந்த விளம்பரத்தில் ஒலித்தது டெலிப் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் 'லாக்மே' ஓபராவில் வரும் பூக்களின் பாட்டு. 1883இல் பாரிஸில் அரங்கேறியது. கதை நடப்பது ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில். நீலகண்டா என்ற பூசாரி, அவர் மகள் லாக்மே, தோழி மல்லிகா. இரண்டு பெண்களும் பூப்பறிக்க ஆற்றங்கரைக்குப் போகும்போது பாடுவதுதான் அந்தப் பாட்டு. கடைசியில் லாக்மே ஒரு ஆங்கிலேய அதிகாரியைக் காதலித்து, ஊமத்தையைத் தின்று சாகிறாள். நம் வீடுகளில் கண்மையாக வந்து சேர்ந்த பெயரும் இந்த ஓபராவிலிருந்து எடுத்ததுதான். பாரிஸில் உட்கார்ந்து கற்பனை செய்த இந்தியா அது. அதைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு, ஆனால் பாட்டு அழகானது. மேல் குரலும் கீழ் குரலும் கைகோத்துக்கொண்டு போவதுபோல் நெருக்கமாகவே நகரும். ஓபராவே கேட்டிராத ஒருவரையும் நிறுத்திவிடக்கூடிய பாட்டு. ஆனால் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பார்கள். கேட்டவுடனே 'நானும் இதைப் பாட வேண்டும்' என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமென்றால், அவருக்குள் பாட்டு ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்.

குழுப்பாட்டின் மண்

இருந்தது. யெண்டே சின்ன வயதிலிருந்தே தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் தேவாலயம், பள்ளிக்கூடம் என்று எங்கு பார்த்தாலும் பாடகர் குழு இருக்கும். நான்கு குரலாகப் பிரிந்து, பக்கவாத்தியமே இல்லாமல் பாடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்த 'சோல்ஃபா' குறிப்பு முறை அங்கே வேர் பிடித்துவிட்டது. ஐந்து கோடு போட்டு எழுதுகிற மேற்கத்திய முறை அல்ல இது. டோ, ரே, மீ என்ற ஸ்வரங்களின் முதல் எழுத்தை மட்டும் எழுதி, நடுவே புள்ளியும் கோடும் வைத்துத் தாளத்தைக் காட்டுவார்கள். நம் ஸ்வரக் குறிப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் தாள் அந்நியமாகத் தெரியாது. நம் ஷட்ஜம் மாதிரியே அவர்களுடைய 'டோ'வும் எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் நிற்கும். பியானோ வாங்க வசதியில்லாத ஊரில், ஒரு சுருதிக் கருவியும் ஒரு தாளும் போதும், ஐம்பது பேர் பாடிவிடலாம். இன்று தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தின் முதல் பகுதியாக இருக்கிற பாட்டை 1897இல் எழுதிய இனோக் சொன்டோங்கா ஒரு மிஷன் பள்ளி ஆசிரியர்தான். இந்தக் குழுக்கள் ஊர் ஊராகப் போட்டியில் இறங்குகின்றன. அந்தப் போட்டிகளில் சொந்த மொழிப் பாட்டுகளோடு ஹாண்டல், வெர்டி போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் பாட்டுகளும் சேர்ந்தே வரும். அதனால் ஓபராவின் குழுப்பாட்டுகள், அவை எந்த நாடகத்தில் வருகின்றன என்று தெரியாமலே அங்கே பலர் வாயில் புழங்குகின்றன.

ஆனால் பாடத் தெரிந்தால் மேடை கிடைத்துவிடுமா? கேப் டவுனில் 1971இல் நிகோ மலான் என்ற பெரிய ஓபரா அரங்கத்தைக் கட்டினார்கள். வெள்ளையர்களுக்கு மட்டும். 1975இல்தான் மற்றவர்களுக்குக் கதவு திறந்தது. அதற்கும் முன்னால், 1956இலேயே அதே ஊரில் ஈயோன் குழு என்ற அமைப்பு வெர்டியின் 'லா த்ராவியாட்டா'வை முழுதாக மேடையேற்றியது. கலப்பினத்தவர் என்று அரசு முத்திரை குத்தி வைத்திருந்த மக்கள்தான் அதில் பாடியவர்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வந்து இத்தாலிய வரிகளைக் காதால் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். அவர்களில் வெளிநாட்டு மேடைகளை எட்டிப் பிடித்தவர்கள் மிகக் குறைவு. குரல் இல்லாமல் அல்ல, வழி இல்லாமல்தான்.

யெண்டே கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வாய்த்த ஆசிரியர் வர்ஜீனியா டேவிட்ஸ். வெள்ளையரல்லாத சோப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயியில் பாடுபவர். நிறவெறி ஆட்சி நடந்த காலத்திலேயே ஓபரா மேடையில் நின்று பாடியவர். தனக்கு முன்னால் மூடிய கதவுகள் எவை என்று தெரிந்த ஒருவர், தனக்குப் பின்னால் வருபவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பகிரப்படும் எந்தச் செய்தியிலும் இவர் பெயர் இல்லை. விமான நிறுவனத்தின் பெயர் மட்டும் தவறாமல் இருக்கிறது.

அந்த வகுப்பறைகளில் நடப்பது வெளியே தெரியாத வேலை. ஓபராவில் மைக் கிடையாது. அறுபது, எழுபது வாத்தியங்களைத் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒற்றைக் குரல் கேட்க வேண்டும். கத்தினால் கேட்காது, தொண்டைதான் போகும். சோப்ரானோ மேல் ஸ்தாயியில் நிற்கும்போது குரல் நாண்கள் ஒரு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்கின்றன. நாண்களின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. அந்தச் சின்ன அதிர்வை அரங்கம் நிரம்புகிற ஒலியாக்குவது தொண்டை, வாய், தாடை இவற்றின் வடிவம்தான். ஸ்வரம் மேலே போகப் போகத் தாடையைத் திறந்துகொண்டே போய், வாய்க்குழியின் இயல்பான ஒலியை ஸ்வரத்தோடு பொருத்துகிறார்கள். மேல் ஸ்தாயியில் சோப்ரானோக்களின் சொற்கள் நமக்குப் புரியாமல் போவதற்குக் காரணமும் அதுதான். 'இ'யும் 'உ'வும் எல்லாம் 'ஆ'வுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதற்கெல்லாம் கீழே மூச்சு. விலா எலும்புகளை விரித்தபடியே வைத்துக்கொண்டு, காற்றைச் சிக்கனமாகச் செலவழிப்பது. இதைப் புத்தகத்தில் படித்து வரவழைக்க முடியாது. ஒருவர் எதிரே நின்று, கேட்டு, 'இப்போது சரி, இப்போது இல்லை' என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாடுபவரால் தன் குரலை வெளியிலிருந்து கேட்க முடியாதல்லவா?

அண்ணன் மகளிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். உன் டீச்சர் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்கிறாரே, அந்தக் கதையில் விட்டுப்போன பகுதி அதுதான் என்றேன்.

படிப்பு முடிந்த பிறகு போட்டிகள். 2009இல் வியன்னாவின் பெல்வெடேர் போட்டியில் எல்லாப் பிரிவுகளிலும் முதல் பரிசு. அப்படி அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. அடுத்து மிலானில் லா ஸ்காலா அரங்கத்தின் பயிற்சிப் பள்ளி. 2011இல் மாஸ்கோவில் நடந்த ஒபராலியா போட்டியில் முதலிடம். இளம் பாடகர்களுக்குப் போட்டி என்பது கோப்பைக்காக அல்ல. நடுவர் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் பலர் ஓபரா அரங்கங்களில் வேடங்களுக்குப் பாடகர்களைத் தேர்வு செய்பவர்கள். அவர்கள் காதில் ஒரு தடவை விழுவதற்குத்தான் இத்தனை பயணம். அதன் பிறகும் எதுவும் நிச்சயமில்லை. பெரும்பாலான பெரிய அரங்குகளில் தனிப்பாடகர்களுக்குச் சம்பளம் மேடையேறும் நாள் கணக்கில்தான். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, முதல் நாளன்று சளி பிடித்தால் அன்றைய பணம் கிடையாது. ஒருவருக்குச் சளி பிடித்த நாள் இன்னொருவருக்கு வாய்ப்பான நாள். ஓபராவில் பெரிய பெயர்கள் பல இப்படித்தான் வெளியே வந்தன.

ஒரு வாரத்தில் ஒரு வேடம்

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் யெண்டே முதல் தடவை பாடியதும் இப்படித்தான். 2013 ஜனவரி 17. இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸினியின் 'லெ கோம்த் ஒரி' என்ற ஓபரா. கதாநாயகியாகப் பாட வேண்டியிருந்தவர் விலகிவிட்டார். யெண்டேவுக்கு அழைப்பு வந்தது. அந்த வேடத்தை அதற்கு முன் பாடியதில்லை. கையிலிருந்தது ஏறக்குறைய ஒரு வாரம்.

ஒரு வாரத்தில் ஒரு ஓபரா வேடம் என்றால் என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வரிகள் பிரெஞ்சு. சீமாட்டி அடேல் என்ற அந்த வேடம் மேடைக்கு வந்ததும் பாடுகிற முதல் பாட்டே நீளமானது. துயரத்தில் மெதுவாகத் தொடங்கி, பிற்பாதியில் பிருகா பிருகாவாகக் கொட்டும். ரோஸினி அந்தப் பாட்டை மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய வேறொரு ஓபராவிலிருந்து எடுத்து இங்கே வைத்தார். அதுவும் உச்சபட்ச வித்தை காட்டுவதற்கென்றே எழுதியது. இரண்டாம் பாதியில் இருட்டறைக்குள் மூன்று பேர் பாடும் ஒரு பாட்டு வருகிறது. சீமாட்டியை மயக்க நினைக்கும் பிரபு, அவருடைய ஏவலாள், சீமாட்டி மூவரும் ஒரே கட்டிலில். யார் யாரைத் தொடுகிறார் என்று தெரியாத குழப்பம். இசையும் அதே மாதிரி மெல்லிய குரலில் சிக்கலாகப் பின்னியிருக்கும். ஒருவர் அரை ஸ்வரம் தடுமாறினால் மூன்று பேரும் கவிழ்ந்துவிடுவார்கள். கட்டிலில் எப்போது புரள வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும் பாட்டோடு சேர்த்தே மனப்பாடமாக வேண்டும். பக்கத்தில் பாடப்போகிறவர் ஹுவான் தியேகோ ஃப்ளோரெஸ். ரோஸினி பாடுவதில் அவர் தலைமுறையின் முதல் பெயர். எதிரே சுமார் 3,800 இருக்கைகள். யெண்டேவுக்கு அப்போது வயது இருபத்தேழு.

இவ்வளவுக்கும் பிறகு, அன்றிரவு முதல் நுழைவிலேயே தடுக்கி விழுந்தார்.

அன்று நான் அங்கே இல்லை. விமர்சனங்களிலும் அவருடைய பேட்டிகளிலும் படித்ததுதான். ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு இறுகும். விழுந்தால் முதலில் போவது மூச்சு. அதிர்ச்சியில் விலா சுருங்கும், தோள் மேலே ஏறும், தொண்டை இறுகும். இதயம் அடித்துக்கொள்ளும்போது மூச்சை நீளமாகப் பிடிக்க முடியாது. அடுத்து வரப்போவதோ மெதுவான, நீளமான, ஒளிந்துகொள்ள இடமே தராத பாட்டு. வேகமான பாட்டாக இருந்தாலாவது பதற்றம் அதில் கரைந்துவிடும். மெதுவான பாட்டில் ஒரு சின்ன நடுக்கம்கூட வெளியே தெரிந்துவிடும். அவர் எழுந்து நின்றார், பாடினார். முழுதும் பாடினார். கடைசியில் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

துணிச்சல் என்று அதைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பயந்துபோன உடம்பில் துணிச்சல் மூச்சைக் கொண்டுவந்து வைக்காது. பயத்திலும் விலா தன் வேலையைச் செய்ய வேண்டுமென்றால் அது புத்தியைக் கேட்காமலே செய்யப் பழகியிருக்க வேண்டும். கேப் டவுனிலும் மிலானிலும் ஆயிரம் மூச்சுகள் ஒரே மாதிரி எடுத்து எடுத்து உடம்புக்குள் இறங்கிப்போன பழக்கம் அது. ஒரு வாரத்தில் வரிகளை மனப்பாடம் செய்யலாம். விழுந்தெழுந்த பிறகு வருகிற அந்த முதல் மூச்சை ஒரு வாரத்தில் கற்க முடியாது. அன்றைக்கு மேடையில் எழுந்து நின்றது யெண்டே மட்டுமல்ல, டேவிட்ஸின் வகுப்பறையும்தான் என்று நினைக்கிறேன். விளம்பரக் கதை சொல்பவர்கள் இந்த இரவையும் சொல்வார்கள். ஆனால் அதிசயமாகச் சொல்வார்கள். அதிசயம் என்று சொல்லிவிட்டால் ஆசிரியருக்கு அங்கே இடமில்லை.

வேண்டாம் என்று சொல்வது

இப்படி ஒரே இரவில் பெயர் வந்த பிறகுதான் இளம் குரலுக்கு உண்மையான ஆபத்து தொடங்குகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் பாடச் சொல்வார்கள். 1960களில் எலேனா சூலியோடிஸ் என்ற கிரேக்கப் பாடகி இருபதுகளின் தொடக்கத்திலேயே வெர்டியின் மிகக் கடினமான வேடங்களைப் பாடினார். கேட்டவர்களெல்லாம் புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா காலாஸின் அடுத்த வாரிசு என்றார்கள். சில வருஷங்களிலேயே அந்தக் குரல் சிதைந்துவிட்டது. அவருடைய 'நபுக்கோ' ஒலிப்பதிவைக் கேட்கும்போது, இந்தப் பெண்ணிடம் யாராவது 'கொஞ்சம் பொறு' என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அதே தலைமுறையில் இத்தாலியின் மிரெல்லா ஃப்ரேனி, கராயன் போன்ற பெரிய இசைக்குழு நடத்துநர் கேட்டும் குரலுக்குக் கனமான 'டூரண்டோட்' வேடத்தை மறுத்தார். எழுபது வயதுவரை மேடையில் பாடினார்.

யெண்டே தேர்ந்தெடுத்த வேடங்களை வரிசையாகப் பார்த்தால் அந்தப் பொறுமை தெரிகிறது. ரோஸினி, பெல்லினி, டோனிஸெட்டி. குரலை அழுத்தாமல், நெகிழ்வைக் கேட்கும் இசை. 2016இல் பாரிஸில் டோனிஸெட்டியின் லூச்சியா வேடம். வெர்டியின் 'லா த்ராவியாட்டா' நாயகி வயலெட்டா 2019இல்தான், அதுவும் பாரிஸில். 1956இல் ஈயோன் குழு கேப் டவுனில் பாடிய அதே ஓபரா. அதைப் பாடியபோது யெண்டேவுக்கு முப்பத்துநான்கு வயது. ஐந்து வருஷம் முன்பே கேட்டிருந்தால் அரங்கங்கள் கொடுத்திருக்கும் என்று நம்புகிறேன்.

வெற்றி எல்லாவற்றையும் மாற்றிவிடவும் இல்லை. 2021 ஜூனில், பாரிஸில் பெல்லினியின் ஓபரா ஒன்றில் பாடுவதற்காக வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் போலீசார் தன்னை அடைத்து வைத்ததாகவும், ஆடை களையச் செய்து சோதித்ததாகவும் அவர் எழுதினார். ஆடை களைந்து சோதிக்கவில்லை என்று காவல்துறை தரப்பு மறுத்தது. அந்த ஊரின் அரங்குகளில் பல முறை கைதட்டு வாங்கிய பெண் அவர். ஒரு விமான நிறுவனத்தின் விளம்பரத்தில் கதையைத் தொடங்கிச் சொல்பவர்கள் இந்த விமான நிலையத்தையும் சொல்ல வேண்டும்.

இன்று யெண்டே மட்டும் இல்லை. அவர் தங்கை நொம்புலெலோவும் சோப்ரானோ, ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் ஓபராவில் பாடியிருக்கிறார். கேப் டவுனில் படித்த லெவி செக்காபானே 2015இல் பெல்வெடேரையும் 2017இல் ஒபராலியாவையும் வென்றார். மசாபானே செசிலியா ரங்க்வனாஷா 2021இல் கார்டிஃபில் நடந்த உலகப் பாடகர் போட்டியில் பாடல் பரிசு வாங்கினார். கோல்டா ஷூல்ட்ஸ் 2020இல் லண்டன் ப்ராம்ஸ் இசை விழாவின் கடைசி இரவில் பாடினார். ஒரே நாட்டிலிருந்து, ஒன்றிரண்டு தலைமுறைக்கு முன் உள்ளே நுழையவே விடாத அரங்குகளைக் கடந்து, இத்தனை பேர். இவர்கள் எல்லோருடைய பாட்டையும் அண்ணன் மகளுக்கு ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். செக்காபானேயின் ரோஸினிதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பிருகாவை எப்படி மூச்சு விடாமல் பாடுகிறார் என்று டீச்சரிடம் கேட்டாளாம். டீச்சர் அந்தப் பதிவைப் போட்டு, அவர் எங்கெங்கே மூச்சு எடுக்கிறார் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்திருக்கிறார்.